பவள விழா காணும் கல்லூரியின் பழைய பதிவேடுகளை என்ன செய்வது?

கேள்வி
எழுதியவர்: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியில் தமிழ்த்துறையில் பணியாற்றுகிறேன். 1951-இல் தொடங்கிய எங்கள் கல்லூரி பவள விழாவை எட்டியிருக்கிறது. விழா மலரைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது.

முன்மாதிரிக்காகப் பொன் விழா மலரை எடுத்துப் பார்த்தேன். அதில் வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் பாதிக்கு மேல் இருந்தன. கல்லூரி வரலாறு என்று நான்கே பக்கங்கள். அந்த நான்கு பக்கங்களும் வெள்ளி விழா மலரிலிருந்து ஏறத்தாழ அப்படியே எடுக்கப்பட்டவை. நிலம் கொடுத்தவர் பெயர், கட்டடத்தைத் திறந்து வைத்தவர் பெயர், முதல்வர்களின் வரிசை ஆகியவற்றோடு வரலாறு முடிந்துவிடுகிறது. எந்தெந்த ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், பெண்களை முதலில் சேர்த்தபோது என்ன நடந்தது, 1978-இல் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி (பிளஸ் டூ) வந்து, கல்லூரியில் நடந்த புகுமுக வகுப்பு (பி.யு.சி.) எங்களை விட்டுப் போனபோது கல்லூரி எப்படித் தாக்குப்பிடித்தது என்பவை பற்றி ஒரு வரிகூட இல்லை.

விவரம் தேடி அலுவலகத்தின் பின்னால், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பதிவறைக்குப் போனேன். மூன்று இரும்புப் பீரோக்களும் ஒரு மர அலமாரியும் அங்கே இருக்கின்றன. முதலாண்டு முதல் உள்ள சேர்க்கைப் பதிவேடுகள், ஆட்சிக்குழுவின் கூட்டக் குறிப்பேடுகள், விடுதிக் கணக்குகள், மாற்றுச் சான்றிதழ்களின் அடிக்கட்டைகள், ஆண்டு மலர்கள், சட்டமிட்ட குழுப் படங்கள் என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மர அலமாரியின் கீழ்த்தட்டைக் கரையான் பிடித்திருக்கிறது. மழைநீர் இறங்கிய ஒரு மூலையில் பதிவேடுகளின் தாள்கள் ஒட்டிப்போயுள்ளன. அந்த அறை விழாவுக்கு வரவேற்பறையாகத் தேவைப்படுவதால், சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர மற்றவற்றை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அலுவலகம் சொல்கிறது. கண்காணிப்பாளரை நான் குறை சொல்லவில்லை. இடமில்லை என்பது அவருடைய உண்மையான கஷ்டம். மூன்று மாத அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

எதை முதலில் காப்பாற்றுவது? பயிற்சி இல்லாத நாங்கள் இவற்றை எப்படிக் கையாள்வது? விழா நிதியில் பெரும்பகுதியை மலருக்கும் நினைவு வளைவுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். அதில் ஒரு பங்கை இதற்குக் கேட்பது முறையா? கூடவே ஒரு வாதமும் இருக்கிறது. எங்கள் அறக்கட்டளை 1951-க்கு முன்பே தனிப்பயிற்சி வகுப்புகள் நடத்தியதால் தொடக்க ஆண்டை முன்னால் தள்ள வேண்டும் என்று முன்னாள் மாணவர்கள் சிலர் வற்புறுத்துகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


மறுமொழி 1
எழுதியவர்: ஏட்டுக்காவலர்

வணக்கம் ஐயா. கல்லூரி நூலகராக முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் மூன்று மாதம் கேட்டு வாங்கியதே பெரிய காரியம்.

முதலில் ஒன்றையும் நகர்த்தாதீர்கள். அறை இப்போது இருக்கிற நிலையிலேயே ஒவ்வொரு தட்டையும் படமெடுத்து, பீரோவுக்கு ஓர் எழுத்தும் தட்டுக்கு ஓர் எண்ணும் கொடுத்து, எந்தக் கட்டு எந்தத் தட்டில் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். குப்பையாகத் தெரிகிற அந்த அடுக்கிலும் பழைய எழுத்தர் ஒருவர் வைத்துப் போன ஒழுங்கு இருக்கும். விடுதிக் கணக்கோடு ஒரு கடிதக் கட்டு சேர்ந்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்; பிரித்துவிட்டால் அந்தக் காரணம் திரும்பக் கிடைக்காது.

கரையான் தாளிலிருந்து வருவதில்லை, மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் வருகிறது. ஆகவே மருந்தைத் தரைக்கும் சுவருக்கும் அடிக்கச் செய்யுங்கள்; பதிவேடுகளின்மேல் ஒரு துளியும் படக்கூடாது. பீரோக்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி நிறுத்துங்கள். வெள்ளிப்பூச்சியும் புத்தகப்பேனும் உள்ள கட்டுகளை பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, உறைபெட்டியில் (ஃப்ரீசர்) சுழியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியசில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சிகளும் முட்டைகளும் அழிந்துவிடும். விலங்கியல் துறையிலோ நுண்ணுயிரியல் துறையிலோ உறைபெட்டி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் தாளில் நீர் பூக்காது.

இன்னும் ஈரமாக இருக்கும் பதிவேடுகளை வெயிலில் காயவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வெயிலில் மை வெளிறும், தாள் சுருண்டு முறுகும். நிழலில் மின்விசிறிக் காற்றில், சில பக்கங்களுக்கு ஒன்றாக அச்சிடாத வெள்ளைத் தாளைச் செருகி, அந்தத் தாளை அடிக்கடி மாற்றி உலரவிடுங்கள். ஏற்கெனவே காய்ந்து ஒட்டிப்போன பக்கங்களைக் கத்தியால் பிரிக்க முயல வேண்டாம். அவற்றைத் தனியே வைத்துப் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள்.

கிழிந்த ஓரத்தில் செல்லோடேப் ஒட்டுவது நாம் ஆசையோடு செய்யும் கேடு. சில ஆண்டுகளில் பசை பழுப்பேறி எழுத்தையே தின்றுவிடும். லேமினேட் செய்வது அதைவிட மோசம், ஏனென்றால் பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. பின்னால் வருகிறவர் நாம் செய்ததைத் தாளுக்குச் சேதமில்லாமல் நீக்க முடிய வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை விதி. துருப்பிடித்த குண்டூசிகளை மட்டும் மெல்லக் கழற்றிவிட்டு, உதிரும் தாள்களை அமிலமில்லாத உறையில் இட்டு வைத்தால் இப்போதைக்குப் போதும்.

குழுப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் பழைய படங்கள் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படிப்பட்டவற்றைச் சட்டத்தோடு வைத்தே, பரவலான பகல் வெளிச்சத்தில், பளிச்சொளி இல்லாமல் கேமராவால் படமெடுங்கள். பிரிந்து இருக்கும் படங்களின் பின்புறம் பெயர்களை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபுறம் ஊறும்.

ஸ்கேன் செய்யும்போது எழுத்துப் பக்கங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகளும் சிறிய படங்களுக்கு 600 புள்ளிகளும் வையுங்கள். மூலக் கோப்பை டிஃப் வடிவில் சேமித்து, அன்றாடப் பயன்பாட்டுக்கு ஜேபெக் பிரதி எடுங்கள். மூன்று பிரதிகள் வேண்டும், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். ஸ்கேன் ஆகிவிட்டது என்பதற்காக மூலத்தை எடைக்குப் போட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

எதை முதலில் என்று கேட்டீர்கள். உலகில் வேறெங்கும் பிரதி இல்லாததுதான் முதலில்: கூட்டக் குறிப்பேடுகள், சேர்க்கைப் பதிவேடுகள், விடுதிக் கணக்குகள், படங்கள். ஆண்டு மலர்கள் அச்சானவை. எங்காவது ஒரு முன்னாள் மாணவர் வீட்டுப் பரணில் இன்னொன்று கிடைக்கும். பொன் விழா மலரின் கணினிக் கோப்பு குறுந்தகட்டில் இருந்தால் இன்றே திறந்து பாருங்கள். அக்காலத்து எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சான தமிழ் இப்போதைய கணினிகளில் புரியாத குறிகளாகத்தான் தெரியும். மாற்றிக்கொள்ளும் கருவிகள் கிடைக்கும்போதே அதை யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.


மறுமொழி 2
எழுதியவர்: சாசனம்

காவலர் ஐயா தாளைக் காப்பாற்றச் சொல்லிவிட்டார். அந்தத் தாளிலிருந்து என்ன எழுதலாம் என்பதை ஒரு வரலாற்று ஆய்வாளனாக நான் சொல்கிறேன்.

தொடக்க ஆண்டு பற்றிய வாதம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. கிண்டிப் பொறியியல் கல்லூரி தன் தொடக்கமாகக் கொண்டாடும் 1794 ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கிய ஆண்டு. கிண்டி வளாகத்துக்கு அது வந்ததோ 1920-இல். பச்சையப்பன் அறக்கட்டளையின் பள்ளி 1842-இலும் கல்லூரி 1889-இலும் தோன்றின. திருச்சி தூய வளனார் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் பிறந்து 1883-இல் திருச்சிக்கு வந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு 1837 என்பது ஜான் ஆண்டர்சன் பள்ளியைத் தொடங்கிய ஆண்டு, 1937 தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த ஆண்டு. ஆக, பல நிறுவனங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிறந்தநாள் உண்டு. தனிப்பயிற்சி வகுப்புக்குச் சான்று கிடைத்தால் அதை முன்வரலாறு என்று மதிப்போடு எழுதுங்கள். பல்கலைக்கழக இணைவு பெற்ற 1951-ஐ நகர்த்தாதீர்கள். வயதைக் கூட்டுவதால் கல்லூரிக்கு வரும் பெருமை மிகச் சிறியது. சான்று இல்லாத ஆண்டை ஒருமுறை கல்லில் வெட்டிவிட்டால் அதைத் திருத்துவது மிகக் கடினம்.

உங்கள் கல்லூரியின் தாள்கள் உங்கள் அறையில் மட்டும் இல்லை என்பதையும் கவனியுங்கள். 1951-இல் உங்கள் பகுதி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது, 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது, 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியது. இணைவு ஆணைகள், ஆய்வுக்குழு அறிக்கைகள் ஆகியவற்றை மூன்று இடத்திலும் தேட வேண்டும். கல்வித்துறை அரசாணைகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குச் சென்று பாருங்கள்.

சேர்க்கைப் பதிவேட்டில் மாணவர் பெயருக்கு எதிரே ஊர், தந்தையின் தொழில், முன்பு படித்த பள்ளி ஆகியவை இருக்கும். பத்தாண்டுக்கு ஓராண்டு வீதம் எட்டு ஆண்டுகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். எந்தச் சிற்றூரிலிருந்து முதல் பையன் எப்போது வந்தான், பேருந்து வந்த பிறகு அந்த எண்ணிக்கை எப்படி மாறியது, எந்த ஆண்டில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் விவசாயக் கூலி, பீடித் தொழிலாளி என்ற சொற்கள் பெருகத் தொடங்கின என்பதெல்லாம் அதில் தெரியும். உங்கள் வட்டாரத்தின் சமூக வரலாற்றை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வேறு ஆவணம் கிடைப்பது அரிது. பெண்கள் முதலில் சேர்ந்த ஆண்டைக் கண்டுபிடித்தால் அதற்கு ஒரு கட்டுரையே ஒதுக்குங்கள். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்ததும், மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்ததும், முத்துலட்சுமி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மருத்துவராக வெளிவந்ததும் நாம் அறிந்தவை. அதற்கு நிகரான துணிவு காட்டிய பெண்கள் உங்கள் பதிவேட்டிலும் இருப்பார்கள். அவர்கள் பெயர்கள் இதுவரை எந்த மேடையிலும் சொல்லப்பட்டிருக்காது.

1965 ஜனவரி, பிப்ரவரி மாத வருகைப் பதிவேடுகள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த அந்த நாட்களில் கல்லூரிகள் மூடப்பட்டன. தலைநகரின் நிகழ்வுகள் நூல்களில் உள்ளன. உங்கள் ஊர் வகுப்பறை எந்த நாளில் காலியானது என்பது அந்தப் பதிவேட்டில் மட்டுமே இருக்கும்.

கல்லூரிக்குச் சங்கடமான செய்தியையும் விட்டுவிடாதீர்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரி 1880-இல் உ. வே. சாமிநாதையரைத் தமிழாசிரியராக அமர்த்தியது. அந்தப் பணியில் இருந்தபோதுதான் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதே கல்லூரியில்தான் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் இராமானுசன் உதவித்தொகையை இழந்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்தக் கல்லூரி நமக்கு முழுமையாகத் தெரிகிறது.

நிதி கேட்பது முறையா என்றீர்கள். முறைதான், உறுதியாகக் கேளுங்கள். 2003-இல் சென்னை ராணி மேரிக் கல்லூரி வளாகத்தில் தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் வந்தபோது மாணவியர் போராடினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 1914-இல் சென்னையின் முதல் பெண்கள் கல்லூரியாகத் தொடங்கிய இடம் என்ற நினைவு மக்கள் மனத்தில் உயிரோடு இருந்தது அந்தப் போராட்டத்துக்கு வலிமை தந்தது. ஆனாலும் அந்தக் கல்லூரி தொடங்கிய கேப்பர் மாளிகை இன்று இல்லை. கட்டடமே போய்விடும்போது, எழுதி வைக்கப்படாத நினைவு எத்தனை நாள் நிற்கும் என்று உங்கள் குழுவிடம் கேளுங்கள்.


மறுமொழி 3
எழுதியவர்: வடலி

வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். எங்களுக்கும் ஒரு திருநெல்வேலி உண்டு. அங்கே சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்தில்தான் 1974-இல் எங்கள் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆகவே உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1823-இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855-இல் மூடப்பட்டது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் ஆனார்கள். அந்தச் செமினரியின் வரலாற்றை இன்று எழுத விரும்புவோர் மிசனரிமார் தங்கள் தலைமையகத்துக்கு அனுப்பிய கடிதங்களைப் பார்க்க வேண்டும். அவை ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. வட்டுக்கோட்டையில் எழுதப்பட்டவை தூர தேசத்தில் பிழைத்திருக்கின்றன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் பலவற்றுக்கு அப்படி ஒரு தூரத்துப் பிரதி இருக்கவில்லை.

1995-இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வின்போது அப்பா தோளில் மாட்டிக்கொண்ட பைக்குள் எங்களுடைய சான்றிதழ்களோடு தான் படித்த கல்லூரியின் ஆண்டு மலர் ஒன்றையும் வைத்திருந்தார். அம்மா அப்போது அதற்காக அவரைக் கோபித்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. பல ஆண்டுகள் கழித்துப் பழைய மாணவர் சங்கம் தேடியபோது அந்த ஆண்டுக்குரிய மலர் வேறு எவரிடமும் கிடைக்கவில்லை. அதனால்தான் காவலர் ஐயா சொன்ன ‘வேறு ஊரில் ஒரு பிரதி’ என்பதை நான் திரும்பவும் சொல்கிறேன். 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எங்கள் மின்னூலகத்தில் பாடசாலை மலர்களும் சிறப்பு மலர்களும் பெருந்தொகையாக ஏற்றப்பட்டிருக்கின்றன. புலம்பெயர்ந்த வீடுகளில் இருந்து வந்தவையும் அவற்றில் உண்டு. உங்கள் பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்பதற்கு முன் மலர் கேளுங்கள், படம் கேளுங்கள், விடுதியில் இருந்து வீட்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள்.


கேட்டவரின் குறிப்பு
எழுதியவர்: பொருநைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வடலி அம்மா எழுதியதைக் கண்காணிப்பாளரிடம் படித்துக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லாமல் மர அலமாரியின் சாவியை என்னிடம் கொடுத்தார்.

ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. சேர்க்கைப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று கணினித்துறை இளைஞர்கள் ஆர்வமாக இருக்கிறார்கள். செய்யலாமா?


மறுமொழி 4
எழுதியவர்: அடிக்கட்டை

செய்ய வேண்டாம் ஐயா. நான் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். அந்தப் பதிவேடுகளை ஆண்டுதோறும் என் கையால் எழுதியவன். அதில் சாதி இருக்கும், பிறந்த தேதி இருக்கும், கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோனது இருக்கும், ஒழுங்கு நடவடிக்கை பற்றிய சிவப்பு மைக் குறிப்பும் இருக்கும். அவர்களில் பலர் இன்று தாத்தா, பாட்டிகளாக நம் ஊரிலேயே வாழ்கிறார்கள். சாசனம் ஐயா சொன்னதுபோல் எண்ணிக்கைகளை எடுத்து எழுதுங்கள், பெயர்களை வெளியிடாதீர்கள். ஒருவரின் பெயரோடு எழுத வேண்டுமென்றால் அவரிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். ஸ்கேன் செய்த கோப்புகள் நூலகத்தில் இருக்கட்டும். ஆய்வாளர் விண்ணப்பித்துப் பார்க்கலாம். ஆண்டு மலர்கள், அழைப்பிதழ்கள், நாடகத் துண்டறிக்கைகள், விளையாட்டு விழாப் படங்கள் ஆகியவை அன்றே ஊரறிய வெளியானவை. அவற்றை இணையத்தில் ஏற்றுவதில் இத்தகைய தடை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலருக்காக நேர்காணல் எடுக்கும்போது பேராசிரியர்களோடு நின்றுவிடாதீர்கள். ஆய்வக உதவியாளர், விடுதிச் சமையற்காரர், மணி அடித்தவர், காவலாளி ஆகியோரையும் தேடிப் போங்கள். ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் அவர்கள் தயங்கி, எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஒரு குழுப் படத்தைக் கையில் கொடுத்து, நிற்பவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தொடங்கினால் பேச்சு தானாக வரும். குரலைப் பதிவு செய்து, நாள், இடம், பேசியவர் பெயர் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.


கேட்டவரின் குறிப்பு
எழுதியவர்: பொருநைக்கரை

நேற்று விழாக் குழு கூடியது. நினைவு வளைவின் அளவைக் குறைத்து, மிஞ்சும் தொகையில் நூலகத்தின் மாடியில் ஓர் அறையைப் பதிவறையாக மாற்ற ஒப்புக்கொண்டார்கள். தொடக்க ஆண்டு 1951 என்றே இருக்கும். தனிப்பயிற்சி வகுப்பு பற்றி முன்னாள் மாணவர்களே சான்று திரட்டி ஒரு கட்டுரை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலை வேலையைத் தொடங்கினோம். தட்டுகளைப் படமெடுக்கும்போது முதலாண்டுக் குழுப் படம் ஒன்று கிடைத்தது. கண்ணாடியோடு ஒட்டியிருப்பதால் சட்டத்தைத் திறக்கவில்லை. கீழே அச்சிட்ட பெயர்களில் அமர்ந்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பெயர் இருக்கிறது, ஓரத்தில் நிற்கும் சீருடை அணிந்த இருவருக்கு இல்லை. விடுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தின் பிரதியோடு அவரைப் பார்க்கப் போகிறேன்.